கழிப்பறைச் சுவரில் பிறந்தநாட்கள்

குடலிலா, கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய திசு குடலில் போய் எப்படி ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்டு மாதாமாதம் அங்கேயே கசியுமாம், எண்டோமெட்ரியோசிஸ் என்று சொல்லி ஸ்கேன் படத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினாள் அந்த டாக்டரம்மா, இதோ, இங்கேதான் குடலைப் பிடித்து இழுக்கிறது... ஆஸ்பத்திரி வாசலில் ரென்ஸ்கேவுக்குச் சைக்கிள் பூட்டில் சாவி நுழையவில்லை. இத்தனை வருஷமாக மாதவிலக்கு வந்தாலே கக்கூஸில் உட்கார முடியாமல் உயிர் போய் உயிர் வந்ததே, குடும்ப டாக்டர் என்ன சொன்னார், பாராசிட்டமால் போடுங்க, நார்ச்சத்து சாப்பிடுங்க, பாவி மனுஷன், உள்ளே இது வளர, நான் கருப்பு ரொட்டியை மென்றுகொண்டிருந்தேனா? முதலில் ஹார்மோன் மாத்திரையால் மாதவிலக்கை நிறுத்திப் பார்ப்பார்களாம், சரிவராவிட்டால் குடலில் ஒரு துண்டை வெட்டி எடுப்பார்களாம், கொஞ்ச காலம் மலம் போக வயிற்றில் பை மாட்ட வேண்டியும் வரலாமாம்... பையா, எனக்கா?

"ஏண்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" துணைக்கு வந்த அம்மா டினி தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். "எனக்கும் இப்படித்தான் வலிக்கும். செத்தா போயிட்டேன்?"

எனக்கும் இப்படித்தானா? ஐயோ, என்ன சொல்கிறாள் இவள்... குரோனிங்கன் ஊர்ச் சொந்தமெல்லாம் அம்மாவை மெச்சும், யார் பிறந்தநாளையும் டினி மறக்கமாட்டாள், என்ன ஞாபகசக்தி என்று. ஞாபகசக்தியா அது? இந்த ஊர் வழக்கப்படி எல்லா வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் சொந்தபந்தத்தின் பிறந்தநாளெல்லாம் குறித்த காலண்டர் கக்கூஸில்தானே தொங்கும், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே, பல்லைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்துப் பார்த்து, நானும் அப்படித்தானே மனப்பாடம் செய்தேன்...

"அம்மா, நீயும் உள்ளேயே மணிக்கணக்கா உக்காந்திருப்பியா?"

"சீ, நடுத்தெருவுல என்னடி பேச்சு இது. வா, காபி குடிக்கலாம்."

காபியாம். இவளைக் கோபிப்பதா, கட்டிக்கொண்டு அழுவதா? சாவி ஒருவழியாக நுழைந்தது, திருப்பத்தான் முடியவில்லை, ஏனென்றால் காலையில் நின்கே, பதினாலு வயசு என் மகள், ரொட்டிமேல் சாக்லேட் துகளைத் தூவிக்கொண்டே சொன்னாளே, "அம்மா, நாளைக்கு யெல்மர் மாமா பொண்டாட்டிக்குப் பிறந்தநாள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு ஃபொக்கோவுக்கு. மறந்துடாதே." அப்படியே பாட்டி ஞாபகசக்தி என்று நான் சிரித்தேன். சிரித்தேனே... முகம் வெளுத்துத்தானே இருந்தது அவளுக்கு? அந்த ரொட்டியை அவள் தொடவே இல்லை.