நாற்பது பேர் கையசைத்த விமானம்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் அலுவலகத்து ரம்யா. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் நாங்கள் இருவரும் சரக்குப் பெட்டிகளுக்குக் காகிதம் தயார் செய்கிறோம். சென்னை விமானத்தின் சத்தம் கேட்டால் போதும், நான் வேலையை விட்டுவிட்டு என் கல்லூரித் தோழி ஈவாஞ்சலின் கதையை ஆரம்பித்துவிடுவேன். கேட்டுக் கேட்டு ரம்யாவுக்குச் சலித்துவிட்டது. “அக்கா, இத எழுதி வச்சிருங்க. அடுத்த தடவ நான் வாசிச்சுக்கிடுதேன்” என்றாள். ஆக, இது ஒரு பெண்ணின் காதைக் காப்பாற்றுவதற்காகப் பிறந்த கதை.

2

முதல் வரிக்கே மூன்று முயற்சி.

‘நீலக் கடலுக்கு மேல் வெள்ளைப் பறவை போல அந்த விமானம்—’

(அடித்துவிட்டேன். பயிற்சி விமானம் பறவை மாதிரி இருக்காது. மினிபஸ்ஸுக்கு இறக்கை வைத்த மாதிரி இருக்கும். சத்தமும் அப்படித்தான்.)

‘சிறுவயது முதலே ஈவாஞ்சலினுக்கு வானத்தின் மீது—’

(பொய். அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள்.)

‘ஈவாஞ்சலின் அன்றைக்கும் இரண்டாம் பீரியடுக்குத்தான் வந்தாள்.’

இது நிற்கும். காலையில் வாகைக்குளம் விமான நிலையத்தில் விமானப் பயிற்சி. அது முடிந்ததும் பஸ் பிடித்து கல்லூரிக்கு வந்து, என்னோடு பி.எஸ்ஸி. புவியியல். ஹெட்செட் அழுத்திய தலையோடு வந்து என் பக்கத்தில் உட்காருவாள். என் டிபன் டப்பாவில் பாதியை அவளுக்கென்று வைத்திருப்பேன். நாசரேத்தில் தலைமையாசிரியராக இருந்த அவள் அப்பா ஜெபசிங் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: “பறக்கதுன்னா பற. ஆனா கையில ஒரு டிகிரி இருக்கணும். படிப்புல ஒரு வருஷம் போச்சுன்னா பிளேனும் போச்சு.”

அவளுக்கு இரண்டும் ஒரே படிப்புதான். “ஏளா, இங்க வகுப்புல வேதமணி சார் காத்து ஏன் அடிக்குன்னு சொல்லித் தாராரு. அங்கன அந்தக் காத்துலயே எறங்கச் சொல்லுதாவ” என்பாள். வரைபட வகுப்பில் நாங்கள் கோடுகளை எண்ணிக்கொண்டிருப்போம். அவள் மட்டும், “இந்தக் குளம் வத்திட்டு” என்று பென்சிலால் திருத்துவாள். அன்று காலையில் அதன் மேலே பறந்துவிட்டு வந்திருப்பாள்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. இதை உவமை சொல்லி மூடி மறைக்க விரும்பவில்லை.

3

இனி முக்கியமான இடம். இறுதியாண்டில் அவளுக்கு வருகைப் பதிவு குறைந்துவிட்டது. புன்னைக்காயல் கடற்கரையில் நடக்கும் கள ஆய்வுக்கு வந்தால் பரீட்சை எழுதலாம். வராவிட்டால் ஒரு வருடம் போய்விடும். அப்பாவின் நிபந்தனைப்படி விமானமும் போய்விடும். அதே நாளில்தான் அவளுக்குத் தனியாக நெடுந்தூரம் பறக்கும் முறையும் வந்தது. கடற்கரையோரமாகவே தெற்கே போய்த் திரும்ப வேண்டும். விட்டால் அடுத்த முறை எப்போது கிடைக்குமோ தெரியாது. இரவெல்லாம் யோசித்துவிட்டு என்னிடம், “நான் மேல இருந்து வாரேன்ளா” என்றாள்.

ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல்மேட்டின் சரிவை அளந்துகொண்டிருந்தோம். வேதமணி சார் கடலைக் காட்டி, “அந்தா, அங்கனதான் முத்துப்பார்” என்றார்.

“எங்க சார்?” என்றான் எங்கள் வகுப்பு இசக்கியப்பன்.

“தண்ணிக்கடியிலலே. உனக்காவ மேல வந்து நிக்குமா?”

(சார் இப்படிச் சொன்னாரா? கொஞ்சம் உப்புக் கூட்டியிருக்கிறேன். ஆனால் முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ காலம் ஆன பிறகும், முத்துச்சிப்பி விளைந்த அந்தக் கடலடிப் பாரைக் காட்டாமல் அவர் எந்த வகுப்பையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை.)

பிறகு அங்கேயே நின்று வருகைப் பதிவு எடுத்தார். “ஈவாஞ்சலின்” என்றார். மறுபடியும் கூப்பிட்டார். வடக்கே சத்தம் கேட்டது.

“மேல இருக்கா சார்!” என்று கத்தினான் இசக்கியப்பன்.

நான்தான் முதலில் கையை ஆட்டினேன். அப்புறம் மொத்த வகுப்பும், நாற்பது பேரும் ஆட்டினோம். விமானம் ஒரு பக்கமாக இறக்கையைச் சாய்த்து எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பியது. சார் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். குனிந்து பதிவேட்டில் ஒரு டிக் போட்டார். நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். என் கல்லூரி வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நாள் இல்லை.

4

[முடிவு அ: அவள் பரீட்சை எழுதினாள். உரிமமும் வாங்கினாள். இன்று அவள் சென்னை–தூத்துக்குடி விமானத்தில் துணை விமானி. சுபம்.]

இதோடு நிறுத்தியிருக்கலாம். பெயரை மாற்றட்டுமா என்று கேட்பதற்காக அவளுக்கு அனுப்பிவைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். சில நாள் கழித்து வாட்ஸப்பில் அவள் குரல் வந்தது. அதை அப்படியே எழுதுகிறேன். இதில் நான் உப்புக் கூட்டவில்லை.

“ஏளா இந்து, நல்லா எழுதியிருக்க. பேரெல்லாம் மாத்தாண்டாம். ஆனா அன்னைக்கு அந்தப் பிளேன்ல நான் இல்லளா. குறுக்குக் காத்து கூடிட்டுன்னு தனியாப் போறவங்கள விடல. அது பெர்சி. எங்கூடப் படிச்சவன். இன்ஸ்ட்ரக்டர் கூடப் போனான். மேல போயி வாந்தி எடுத்துக்கிட்டு கெடந்திருக்கான். அதான் அவரு சரிச்சுத் திருப்பிட்டாரு. நான் கீழ கேன்டீன்ல உக்காந்து அழுதுட்டு இருந்தேன். சாயங்காலம் நீ போன் போட்டு, ‘றெக்கயச் சாச்சியே, சாச்சியே’ன்னு சொல்லுத. நான் என்னத்தச் சொல்ல?”

மறுநாளே சாரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். அவர் பதிவேட்டைத் திறக்கவே இல்லையாம். “நாப்பது பேரு கையாட்டியாச்சு. அத எந்த ரப்பர் வச்சு அழிக்க? போய்ப் படி” என்று அனுப்பிவிட்டாராம்.

5

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடமாக ஒரு பையனின் வாந்திக்கு நான் கண்ணீர் விட்டிருக்கிறேன். ரம்யாவின் காதையும் புண்ணாக்கியிருக்கிறேன். சரி, உள்ளதை உள்ளபடி எழுதுவோம் என்று உட்கார்ந்தேன்.

[முடிவு ஆ: மேலே பெர்சி இருந்தான். கீழே கேன்டீனில் ஈவாஞ்சலின்—]

அதற்கு மேல் ஓடவில்லை. இருந்தும் அவளுக்கு அனுப்பினேன். இந்தத் தடவை உடனே அழைத்தாள்.

“பாத்தியா? திருத்திட்டேன்” என்றேன்.

“பாத்தேன். ஒண்ணு கேக்கவா? திருத்தாம விட்டுரேன்.”

“நீதான இல்லன்ன?”

“இல்லதான். இப்ப எத்தனையோ தடவ அந்தப் பக்கம் வாரேன். எறங்கும்போது கீழ பாப்பேன். மணலும் ரெண்டு வள்ளமும் தெரியும். எனக்குன்னு ஆளுக கூடி நின்னு கையாட்டுனது அந்த ஒரு தடவதான்ளா. அப்ப நான் அங்கன இல்ல. கதையிலயாவது இருந்துக்கிடுதேனே.”

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். இன்னும் பேசவில்லை.

6

வாசகரே, இப்போது என்னிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. முதலாவதைக் கொடுத்தால் நான் பொய்க்காரி. இரண்டாவதைக் கொடுத்தால், அவள் கேட்ட ஒரே ஒரு இடத்திலிருந்தும் அவளை இறக்கிவிட்டவள். அதனால் இரண்டையும் கொடுக்கப்போவதில்லை.

புன்னைக்காயல் கரையில் நாற்பது பேரும் நிற்கிறோம். சார் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். வடக்கே சத்தம் கேட்கிறது. விமானம் இன்னும் தலைக்கு மேல் வரவில்லை. உள்ளே இருப்பது யார் என்று நான் எழுத மாட்டேன். நீங்களும் இப்படி ஓரமாக வந்து நின்றுகொள்ளுங்கள். கையை ஆட்டுவதும் ஆட்டாததும் உங்கள் இஷ்டம்.

ஆனால் ஈவா இதை வாசிப்பாள்.