கை நனைக்காதவர்கள்

என் தங்கை தென்றலைப் பெண் பார்க்க ஏழு பேர் வந்தார்கள். ஒற்றைப்படையில்தான் வர வேண்டுமாம். சாத்தனூர் அணையைத் திறக்கப் போகிறார்கள், ஆற்றுப் பக்கம் போகாதீர்கள் என்று டி.வி.யில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த நேரம் அது. அப்பா போன் போட்டு, "மழை ஜாஸ்தியா இருக்குதுங்க, அடுத்த வாரம் வெச்சுக்கலாமே" என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா எல்லம்மாள், "குறிச்ச நாளை மாத்தினா அந்தச் சம்பந்தம் விளங்காதுங்க" என்று முடித்துவிட்டாள். அந்த அம்மாள் நாள் குறித்த விஷயம் மழைக்குத் தெரியாது. அது பாட்டுக்குப் பெய்துகொண்டிருந்தது.

அவர்களுடைய ஊர் திருக்கோவிலூருக்கு அந்தப் பக்கம். புதிதாக வாங்கிய காரில் ஏழு பேரும் நெருக்கியடித்துக்கொண்டு, தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் வந்து இறங்கினார்கள். கார் நம்பர் பிளேட்டில் சாமந்திப்பூ மாலை. ஊர் முழுக்க வெள்ளம் வரும் என்று பயந்துகொண்டிருக்கும்போது இவர்கள் காருக்கு மாலை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

பெண் பார்க்கும் சடங்கைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. என்னையும் வரிசையாக வந்து பார்த்தார்கள். எங்கள் வீட்டு பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "ஊருக்குப் போய் போன் பண்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களின் ஊரில் இன்றுவரை டவர் கிடைக்கவில்லை போலிருக்கிறது. கடைசியில் வந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு அடுத்த தெருவிலேயே குடியிருக்கிறேன். அதனால் அன்றைக்கு அம்மாவுக்கு ஒத்தாசையாக வரும்போதே எனக்குக் கோபம் மூக்குமேல் இருந்தது.

ஆனால் தென்றலுக்கு அந்த மாப்பிள்ளை மணிவேலைப் பிடித்திருந்தது. அதுதான் சங்கடம். தரகர் நம்பர் கொடுத்து, ஒரு மாதமாக இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கீழ்பென்னாத்தூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். "என் வேலையைப் பத்தி அக்கறையா கேக்குறாருக்கா. இதுவரைக்கும் வந்தவங்க சம்பளத்தை மட்டும்தான் கேட்டாங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தபின் எனக்கும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அப்பாவுக்கோ இது எப்படியாவது முடிந்தாக வேண்டும். பால் சங்கத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் தெருவில் தலை நிமிர்ந்து நடந்து நான் பார்க்கவில்லை. முப்பதை நெருங்கும் பெண்ணை வைத்திருப்பது ஏதோ குற்றம் போல ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

பஜ்ஜி, கேசரி, காபி எல்லாம் ஆயிற்று. அம்மா வழக்கப்படி, "இருந்து சாப்பிட்டுட்டுப் போகணும்" என்றாள். எல்லம்மாள் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, "முடிவாகாத வீட்ல கை நனைக்க மாட்டோங்க" என்றாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெண் வீட்டில் சோறு சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பேச்சு முடியும்வரை பெண் வீட்டுச் சோற்றைத் தொட மாட்டார்கள். ஆனால் கேசரி தொடலாம், அதுவும் ஒரு தட்டு, இரண்டு தட்டு என்று தொடலாம். நெய் ஒழுகும் கையை எங்கள் வீட்டுத் துண்டில் துடைத்தாலும் அது நனைந்த கையில் சேராது.

கிளம்பிப் போனவர்கள் சாயங்காலமே திரும்பி வந்தார்கள். பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது, இந்தப் பக்கமே தடுப்புக் கட்டை போட்டுவிட்டார்கள். விழுப்புரம் போகும் வழியும் அடைபட்டது. பஸ் நிலையத்தில் பஸ்கள் வரிசையாக நிற்க, ஜனங்கள் மூட்டையோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மலைத் தீபம் பார்க்க எங்கள் ஊருக்கு வந்த கூட்டம் வேறு. எந்த லாட்ஜிலும் இடமில்லை. பெண்ணைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள் பெண் வீட்டிலேயே தங்கும்படி ஆயிற்று.

அம்மா பாவம், ஏழு பேருக்கும் உலை வைத்தாள். அப்போதுதான் மாப்பிள்ளையின் தாய்மாமன் இளஞ்செழியன் தீர்ப்புச் சொன்னார். அவர் ரோடு காண்டிராக்டர். அவர் பேசினால் அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை.

"சோறு வேணாங்க. வழக்கத்தை மீறக் கூடாது. இட்லி, தோசைன்னா பரவால்ல, அது டிபன்தான்."

எனக்கு வாயில் நன்றாக வந்தது. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் கரண்ட் போயிற்று. கிரைண்டர் ஓடவில்லை. பக்கத்து வீட்டு முன்னி பேகம் அக்காவின் கொல்லையில் பழைய ஆட்டுக்கல் ஒன்று கிடந்தது. நானும் தென்றலும் மாற்றி மாற்றி அங்கே உட்கார்ந்து மாவாட்டினோம். "ஏம்மா, சோறாக்கிப் போட்டா ஒரு உலையில முடிஞ்சிருமே" என்றார் அந்த அக்கா. நான் வழக்கத்தைச் சொன்னேன். "இட்லியும் அரிசிதானே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். காண்டிராக்டருக்குத் தோன்றாத கேள்வி.

அவரோ கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, "செக்போஸ்ட்ல நம்ம ஆளு கீறாரு, ஒரு போன் போட்டா வுட்டுடுவாரு" என்று போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஆள் ஆற்றுத் தண்ணீரையும் கையால் தள்ளிவிடுவார் போல. எல்லம்மாளுக்குச் சட்னியில் காரம் ஜாஸ்தி, குளிக்க வெந்நீர் கம்மி. அம்மாவை மறந்தும் சம்பந்தி என்று கூப்பிடவில்லை. "இன்னாங்க, இன்னும் ரெண்டு இட்லி" என்றுதான் கூப்பிட்டாள். மணிவேல் நல்ல பையன்தான் என்று சொல்ல வேண்டும். தட்டைத் தானே கழுவி வைக்க எழுந்தான். அவனுடைய அம்மா பார்த்ததும் உட்கார்ந்துவிட்டான்.

பத்து மணிக்குத் தென்றலுக்கு டாக்டரிடமிருந்து போன் வந்தது. கீழ்பென்னாத்தூரில் ஏரி நிரம்பி, தாழ்வான தெருக்களில் தண்ணீர் புகுந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்குக் காய்ச்சல், வாந்தி. சர்க்கரை வியாதிக்காரர்கள் மருந்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். மருந்து அறைச் சாவி தென்றலிடம் இருக்கிறது. அந்த ரோட்டில் வண்டி போகலாம், ஆனால் பஸ்தான் ஓடவில்லை.

அவள் புடவையை மாற்றிச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்து, கூடத்தில் எல்லாருக்கும் முன்னால் மணிவேலிடம் கேட்டாள். "உங்க வண்டி சும்மாதானே நிக்குது. என்னைக் கொண்டுபோய் விட்டுட்டு வர முடியுமாங்க? அரை மணி நேரம்தான்."

அவன் எழுந்தான். உண்மையாகவே எழுந்தான், சாவியைக்கூட எடுத்தான். என் மனசு ஒரு நிமிஷம் அவனை மன்னித்துவிட்டது.

"புது வண்டிடா. தண்ணில இறக்கக் கூடாது" என்றாள் எல்லம்மாள். முந்தின நாள் அதே வண்டியில்தான் வெள்ளம் வரப்போகிற ஆற்றைத் தாண்டி வந்திருந்தாள். "அதுவும் இல்லாம, பொண்ணு பாக்க வந்தவங்க வீட்ல இருக்கும்போது பொண்ணு வெளிய போறது இன்னா பழக்கம்?"

தென்றல் அவள் பக்கம் திரும்பவில்லை. மணிவேலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சாவியைக் கையில் உருட்டினான்.

"வேற யாராவது பாத்துக்க மாட்டாங்களா? ஒரு நாள்தானே" என்றான்.

ஒரு மாதமாக அவள் வேலையைப் பற்றி அக்கறையாகக் கேட்டவன் அவன். போனில் கேட்கும்போது அவனுடைய அம்மா பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

தென்றல் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். தெருமுனையில் ஒரு பால் வண்டியை நிறுத்தி ஏறியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா வாசல் வரை போய், கூப்பிட வாயெடுத்து, கூப்பிடாமல் திரும்பி வந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அன்றைக்கு முழுக்க எல்லம்மாள் யாரிடமும் பேசவில்லை. ஆனால் தோசைக்குக் குறைச்சல் இல்லை.

பொழுது சாயும்போது தென்றல் முழங்கால் வரை சேறோடு வந்தாள். மணிவேல், "ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டான். "மருந்து போதலைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் மழை விட்டது. மதியத்துக்குமேல் பாலத்தைத் திறப்பார்கள் என்று செய்தி வந்தது. எல்லம்மாளும் காண்டிராக்டரும் ஒரு மூலையில் நின்று ரகசியம் பேசினார்கள். பிறகு அவள் வந்து சபையில் உட்காருவது போல உட்கார்ந்தாள்.

"பொண்ணு நல்லா வேலை செய்யுது, மாவெல்லாம் கையாலயே ஆட்டுது. எங்களுக்குப் புடிச்சிருக்குங்க சம்பந்தி" என்றாள். மூன்று நாளில் முதல் சம்பந்தி. "அந்த வேலை மட்டும் வேணாம். கூப்பிட்ட நேரத்துக்கு ஓடுற வேலை குடும்பத்துக்கு ஆகாது. சரின்னா இலை போடுங்க, கை நனைச்சுட்டே கிளம்புறோம்."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் தென்றலைத் தேடினேன். அவள் அடுப்பங்கரையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "இன்னாடி பண்ணப் போற?" என்றேன். "பசியோட எப்படிக்கா அனுப்புறது?" என்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சம்மதித்துவிட்டாள் என்றே நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா ஓடிப் போய் வாழையிலை வாங்கி வந்தார். அம்மா சாம்பார், வடை, பாயசம் வரை வைத்துவிட்டாள். ஏழு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். தென்றல் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கி வந்து, எல்லம்மாளின் இலையில் ஆரம்பித்து ஒவ்வொருவருக்காகப் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசி இலை மணிவேலுடையது. அதிலும் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நேத்து முகாம்ல அத்தனை பேரு சாப்பிட்டாங்க. யாரு ஆக்கினது, யாரு போட்டதுன்னு யாரும் கேக்கல. சாப்பிட்டதால யாரும் யாருக்கும் சம்பந்தியும் ஆகல. நீங்களும் அப்படியே சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. பிறகு மணிவேலிடம், "எனக்கு உங்களை நிஜமாவே புடிச்சிருந்ததுங்க. நேத்து காலைல வரைக்கும்" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

எல்லம்மாளின் முகம் போன போக்கைச் சொல்ல எனக்கு இந்த ஒரு பிறவி போதாது. "இன்னாங்க இது? வீட்டுக்குக் கூப்ட்டு அவமானப்படுத்துறீங்களா?" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினாள். காண்டிராக்டர் அதற்குள் வடையைக் கடித்திருந்தார். துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அப்பா சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார், காலில் விழப் போகிறார் என்று நான் பயந்தேன். அவர் தென்றலைப் பார்த்தார். பிறகு குனிந்து மணிவேலின் இலையில் ஒரு கரண்டி சாம்பார் ஊற்றினார்.

"சாப்பிடுங்க தம்பி. என் பொண்ணு ஆக்கின சோறு, ஆறிடப் போவுது" என்றார்.

மணிவேல் கையைச் சோற்றுக்குமேல் வைத்துக்கொண்டு, சாப்பிடலாமா என்று அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.