ரயில் காசு சேர்த்து

மாதத்தின் முதல் சனிக்கிழமை வந்தால் பீர் முகமது மண்டியைச் சீக்கிரமாக அடைத்துவிடுவார். மற்ற நாட்களில் உப்புப் போட்ட ஆட்டுத்தோல் கட்டுகள் கடைசி வண்டியில் ஏறும்வரை பேகம்பூர் மண்டியை விட்டு நகராத மனிதர், அன்று மட்டும் நாலு மணிக்கே வீட்டுக்கு வந்து எலுமிச்சம்பழம் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவுவார். தோல் வாடை ஒரு பழத்துக்குப் போகாது. இன்னொன்றையும் நறுக்குவார். பிறகு வெளுத்த துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்த நாற்காலியில் வந்து உட்காருவார்.

மதுரையில் பி.ஏ. படிக்கும் மகன் அப்பாஸ் அன்றைக்குத்தான் வருவான், கைச்செலவுக்குப் பணம் வாங்கிப் போக.

கல்லூரிக்கும் விடுதிக்கும் கட்ட வேண்டியதை அவர் ஒழுங்காகக் கட்டிவிடுவார். அதில் பேச்சே கிடையாது. சோப்பு, சலவை, டீ, எப்போதாவது ஒரு சினிமா என்று பையன் கையில் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பதில்தான் மாதாமாதம் பேரம். அந்தப் பேரத்திலும் அவர்கள் வாயைத் திறந்ததில்லை.

தோல் மண்டியில் யாரும் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. வாங்குகிறவரும் தரகரும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, அதற்குள் கைகொடுத்துக்கொள்வார்கள். பிடிக்கிற விரல்களின் கணக்கில் விலை ஏறும், இறங்கும். சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். பீர் முகமது மீசை முளைத்த வயதிலிருந்து அப்படித் தரகு பார்த்தவர்.

வீட்டுக்குள் அந்தத் துண்டு வந்தது மனைவி கமர்ஜஹான் போன பிறகு. அவள் இருந்தவரை தகப்பனுக்கும் மகனுக்கும் நேர்ப்பேச்சு தேவைப்படவில்லை. "அம்மா, அத்தாட்ட சொல்லுங்கம்மா" என்பான் பையன். "ஏங்க, பிள்ளை பேனா கேக்குது" என்பாள் அவள், மகன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாலும். அப்பாஸ் பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பில் இருந்தபோது, மூன்று நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரே வீட்டில் தட்டு வைக்கும் சத்தத்தோடு வாழ்ந்தார்கள்.

கல்லூரிக்குப் புறப்பட்ட முதல் நாள், அப்பாஸ் தகரப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்றான். பணம் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. எவ்வளவு வேண்டும் என்று கேட்க இவருக்கும் வரவில்லை. பீர் முகமது தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் வலது கையின் மேல் போட்டார்.

"பிடி" என்றார்.

பள்ளி விடுமுறைகளில் மண்டியில் உட்கார்ந்து பார்த்திருந்த பையன்தானே. சிரிப்பை அடக்கிக்கொண்டு துண்டுக்குள் கையை விட்டான். ஒரு விரலுக்கு ஐந்து ரூபாய் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அது முதல் இதுதான் வழக்கம். பீர் முகமது இரண்டு விரலில் தொடங்குவார். அப்பாஸ் நாலைப் பிடிப்பான். இவர் "ஊஹூம்" என்பார். அவன் மூன்றைப் பிடித்து அழுத்துவான். "கட்டாது" என்று இவர் தலையை ஆட்டுவார். கொடுக்கப்போகிற நோட்டுகள் காலையிலேயே சட்டைப்பைக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். பேரம் சீக்கிரம் முடிந்துவிடக்கூடாது என்பது மட்டும்தான் அவர் கவலை.

வளர்ந்த மகனின் கையைத் தகப்பன் வேறு எந்தச் சாக்கில் பிடித்துக்கொண்டிருப்பது?

தோலை விரலால் தடவியே, அது அறுத்த ஆடா, நோயில் விழுந்த ஆடா என்று சொல்லிவிடக்கூடியவர் அவர். மகனுடைய கை அவரிடம் எதை மறைக்க முடியும்? நடுவிரலில் பேனா அழுத்திய காய்ப்பு பெரிதாகியிருந்தால் பரீட்சைக்கு எழுதிப் படிக்கிறான் என்று அர்த்தம். ஒரு மாதம் உள்ளங்கை அனலாக இருந்தது. "காய்ச்சலா?" என்று கேட்காமல், தங்கச்சி நஜ்முன்னிசாவைக் கூப்பிட்டு மிளகு ரசம் வைக்கச் சொன்னார். இன்னொரு மாதம் விரலிடுக்கில் தோல் வெடித்திருந்தது. சலவைக் காசை மிச்சம் பிடிக்க, தானே துணி துவைக்கிறான். அன்றைக்கு அவராகவே ஒரு விரலைக் கூட்டிக் கொடுத்தார். அப்பாஸ் ஆச்சரியமாக நிமிர்ந்து பார்த்தான். இவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நஜ்முன்னிசா அடுத்த தெருவிலிருந்து சோறு கொண்டுவருகிறவள். "என்னண்ணே இது கூத்து? மாசாமாசம் பிள்ளைய ரயில்ல இழுத்தடிச்சுக்கிட்டு. ஒரு மணியார்டர் போட்டா முடிஞ்சது" என்பாள்.

"நீ தால்ச்சாவுக்கு உப்பு போட்டியா, பாரு" என்பார்.

அந்த ஆகஸ்டு மாதத்துச் சனிக்கிழமையன்று அப்பாஸ் தனியாக வரவில்லை. விடுதியில் பக்கத்து அறைப் பையன் ராயப்பராஜும் கூட வந்தான். மேட்டுப்பட்டிக்காரன், தன் வீட்டுக்குப் போகிற வழியில் நண்பன் வீட்டை எட்டிப் பார்க்க வந்தவன். கலகலவென்ற சுபாவம். நஜ்முன்னிசா கொடுத்த வட்டிலப்பத்தை மிச்சம் வைக்காமல் தின்றான். "அத்தை, ஹாஸ்டல்ல உங்க பேர்ல ஒரு மனு எழுதப்போறேன், சமையலுக்கு வாங்கன்னு" என்று சொல்லி அவளைச் சிரிக்க வைத்தான்.

அவன் போகட்டும் என்று பீர் முகமது காத்திருந்தார். அவன் போவதாக இல்லை. விளக்கு வைக்கும் நேரம் நெருங்கியது. இனித் தொழுகைக்குப் போக வேண்டும். வேறு வழியில்லாமல் துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டு அப்பாஸைப் பார்த்தார்.

அப்பாஸ் தயங்கித் தயங்கிக் கையை உள்ளே விட்டான்.

ராயப்பராஜ் கண்ணை விரித்தான். "என்னடா, ரேகை பாக்குறாகளா? அப்பா, என் கையையும் செத்த பாருங்க. இந்த வருசம் இங்கிலீசுல பாஸாவேனான்னு சொல்லுங்க."

பீர் முகமதுவுக்கே சிரிப்பு வந்தது. "ரேகை இல்ல தம்பி. இவனுக்குக் கைச்செலவு முடிவு பண்றோம். மண்டி வழக்கம்."

"அடேங்கப்பா! ஏலே, உன்னய ஆட்டுத்தோலு மாதிரில்ல ரேட்டு பேசுறாக!" ராயப்பராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்கப்பா ஒண்ணாந்தேதியானா பதினெட்டு ரூபா மணியார்டர் போட்டுருவாரு. சண்டையும் இல்ல, சமாதானமும் இல்ல."

கெட்ட எண்ணமில்லாத சிரிப்புதான். ஆனால் துண்டுக்குள் இருந்த கை குளிர்ந்து போனது பீர் முகமதுவுக்குத் தெரிந்தது. அடுத்த நிமிடம் அது அங்கே இல்லை.

ராயப்பராஜ் போன பிறகு அப்பாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். நேருக்கு நேராக அவன் இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"அத்தா, ஒரு தொகைய நீங்களே சொல்லிருங்க. மாசம் பிறந்தா அனுப்பிருங்க. இதுக்குன்னு நான் வந்துட்டுப் போறதுல ரெண்டு நாள் படிப்பு போகுது. என்.சி.சி. பரேடு வேற இருக்கு."

"எம்புட்டு வேணும்?" என்றார் பீர் முகமது. வாயால் கேட்டபோது அந்தச் சொல் அவருக்கே கரடுமுரடாகப் பட்டது.

"நீங்க சொல்றதுதான். எம்புட்டுன்னாலும் சரி."

"காலையில சொல்றேன்."

காலையில் தங்கச்சி வீட்டுக்குப் போனார். நஜ்முன்னிசா இடியாப்பத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மணியார்டர் என்று இத்தனை நாள் சொன்னவள், விஷயத்தைக் கேட்டதும் கையை நிறுத்திவிட்டாள். அண்ணன் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"அண்ணே, பத்து ரூபான்னு சொல்லுங்க."

"பத்து எப்படிக் காணும்?"

"காணாதுல்ல? அப்பத் தானா வருவான்."

பீர் முகமது திண்டாடிப்போனார். அந்த யோசனை அவருக்குள்ளும் விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு விரல். சும்மா இரண்டு விரல் என்று சொல்லிவிட்டால் போதும். இருபதாம் தேதிக்குள் பையன் ரயிலேறிவிடுவான். வாசல் நாற்காலி, வெளுத்த துண்டு, எல்லாம் பழையபடி.

"துணி துவைச்சுக் கை வெடிச்சிருந்தது நஜ்மு" என்றார் கடைசியில். "காசு காணாம வர்ற பிள்ளை என் முகத்தையா பாக்கும்? சட்டைப்பையத்தான் பாக்கும்."

அவள் மறுபடி மாவைப் பிசையத் தொடங்கினாள்.

மதியம் ரயில் நிலையத்துக்கு அவரும் போனார். வழக்கமாகப் போவதில்லை. மதுரை வண்டி நிற்க, அப்பாஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். பீர் முகமது ஜன்னல் கம்பியருகே நின்றார்.

"இருபத்தஞ்சு" என்றார்.

"அம்புட்டு எதுக்கு அத்தா? இருபதே அதிகம்."

"இருபது உனக்கு. அஞ்சு ரயிலுக்கு. போக, வர, வழியில டீ குடிக்க." அவர் எஞ்சின் இருந்த பக்கம் திரும்பிக்கொண்டார். "வரணும்னு இல்ல. வர்றதா இருந்தா, காசு இல்லன்னு நிக்கக்கூடாதுல்ல, அதுக்குச் சொன்னேன்."

அப்பாஸ் "சரி அத்தா" என்றான். அவன் முகம் தெளிந்திருந்தது. ஒரு சங்கடம் தீர்ந்த சந்தோஷம். அந்த மாதத்துப் பணத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். நாலு பேர் பார்க்க, துண்டு இல்லாமல், நோட்டு கைமாறியது. கை படவேயில்லை.

செப்டம்பரில் மணியார்டர் போனது. பையன் வரவில்லை. பரீட்சை என்று கார்டு போட்டான். அக்டோபரிலும் பணம் போனது. தீபாவளி விடுமுறையில் வருவான் என்று நஜ்முன்னிசா சொல்லிக்கொண்டிருந்தாள். விடுமுறையில் என்.சி.சி. முகாம் வந்துவிட்டது. நவம்பரில் மழை. முதல் சனிக்கிழமைகளில் பீர் முகமது நாலு மணிக்கே வீட்டுக்கு வருவதை மட்டும் விடவில்லை. எலுமிச்சம்பழம் நறுக்கிக் கை கழுவினார். ரயில் வந்து போன சத்தம் அடங்கிய பிறகு எழுந்து தொழப் போனார்.

நவம்பர் கடைசியில் அப்பாஸிடமிருந்து கடிதம் வந்தது. நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தான். முகாமில் துப்பாக்கி சுட்டதை விவரமாக எழுதியிருந்தான். கடைசியில் நாலு வரி:

"அத்தா, மூன்று மாதத்து ரயில் காசு பதினைந்து ரூபாய் என்னிடம் அப்படியே இருக்கிறது. வீண் செலவு செய்யவில்லை. ஆகவே டிசம்பருக்குப் பத்து ரூபாய் அனுப்பினால் போதும். உங்களுக்கும் மண்டியில் சிரமம் இருக்கும்."

அவர் அதை இரண்டாம் முறை படித்தார். எத்தனை பொறுப்பான பிள்ளை! கமர்ஜஹான் இருந்திருந்தால் தெரு முழுக்கக் கடிதத்தைக் காட்டியிருப்பாள். காட்டிவிட்டு உள்ளே வந்து, "ஏங்க, இதுக்கு ஒரு பதில் எழுதுங்களேன், பிள்ளைய செல்லமா வாப்பான்னு கூப்பிட்டு" என்று அவரை நச்சரித்திருப்பாள். அவள் இல்லாத வீட்டில் அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மண்டிக்குப் போனார்.

அன்று செம்பட்டிப் பக்கத்திலிருந்து நல்ல சரக்கு வந்திருந்தது. வாங்க வந்தவர் சனாவுல்லா, பழைய வியாபாரி. துண்டுக்குள் கைகள் சேர்ந்தன. விலை ஏறி, இறங்கி, படிந்தது. சனாவுல்லா சந்தோஷமாகத் தலையசைத்தார். துண்டு அசைவது நின்றது. ஆனால் விலகவில்லை.

"பாய்" என்றார் சனாவுல்லா மெதுவாக.

"ம்?"

"விலைதான் முடிஞ்சிருச்சே. கைய விடுங்க பாய்."

கட்டுத் தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். "பெரியவுக இன்னும் ஒரு விரலு தேடுறாகய்யா!" என்றான் ஒருவன். பீர் முகமதுவும் சிரித்துக்கொண்டே கையை எடுத்தார். சனாவுல்லா மட்டும் சிரிக்கவில்லை. "மகன் சௌக்கியமா?" என்று கேட்டார். "ரொம்ப சௌக்கியம்" என்றார் இவர்.

தபாலாபீஸ் அடைப்பதற்குள் போய்ச் சேர்ந்தார். மணியார்டர் பாரத்தை வாங்கி, மேஜையோரம் நின்று எழுதினார். தொகை என்ற இடத்தில் பேனா சற்று நின்றது. பத்து என்று எழுதினால் பையன் சொன்னபடி நடந்ததாகும். கணக்கும் சரியாகிவிடும். கையில் இருக்கும் ரயில் காசு டீக்கும் சோப்புக்கும் கரைந்துபோகும். அப்புறம் வரலாமென்று ஒரு நாள் தோன்றினாலும், அதற்கென்று காசு இருக்காது.

இருபத்தைந்து என்று எழுத்தாலும் எண்ணாலும் எழுதினார்.

குமாஸ்தா ஞானதாஸ் பாரத்தை வாங்கிப் பார்த்தார். கீழே தகவல் எழுதும் சிறு இடத்தில் கண் நின்றது.

"என்ன பாய், போன மாசம் எழுதுன அதையே எழுதிருக்கீங்க? 'ரயில் காசு சேர்த்து.' பையனுக்குத்தான் தெரியுமே."

"தெரியும்."

"இன்னும் இடம் இருக்கு. நலமான்னு ரெண்டு வார்த்தை வேணா எழுதுங்களேன். அதுக்குத் தனிக் காசு கிடையாது."

பீர் முகமது பாரத்தைத் திரும்ப வாங்கினார். பேனாவைத் திறந்து, வெற்றிடத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். வரிசையில் பின்னால் நின்ற ஆள் இருமினான். அவர் ஏதும் எழுதாமலே பாரத்தை ஜன்னலுக்குள் நீட்டினார்.

"இதே இருக்கட்டும்" என்றார். "அடுத்த மாசமும் இதைத்தான் எழுதப்போறேன்."

ஞானதாஸ் முத்திரையை எடுத்துக் குத்தினார். வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. பீர் முகமது துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு படியிறங்கி, வழியில் இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கினார். நாளை மறுநாள் முதல் சனிக்கிழமை.