பால் ஊற்றுகிறவள்

முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கி, தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, "கொஞ்சம் தள்ளு பாப்பா, மறைக்குது" என்றாள் அம்மா.

மகள் திரும்பிப் பார்த்தாள். எதிர்ச்சுவரில் அந்தப் படம். உலகமே அறிந்த ஒரு பழைய ஓவியத்தின் அச்சு. ஜன்னலோரம் நின்று ஒரு பெண் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். மஞ்சள் சட்டை, இடுப்பில் நீலத் துணி, மேசையில் ரொட்டி. அவ்வளவுதான். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

அவள் வேறொரு ஊரில் மருத்துவமனை நர்ஸ். அம்மாவுக்கு நுரையீரல் கைவிட்டுவிட்டது, இனி அதிக நாள் இல்லை என்று அண்ணன் சொன்னதும் லீவு போட்டு வந்திருந்தாள். நோயாளியைப் புரட்டுவதும் துடைப்பதும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வந்த அன்றே அம்மாவை முழுசாகத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். ஆனால் அம்மாவின் கண் மட்டும் அவள் கைக்கு வரவில்லை. அது எந்நேரமும் அந்தச் சுவரில் கிடந்தது.

படத்தை மாட்டியது அண்ணி. பிஸ்கட் டப்பாவுக்கும் சோப்பு உறைக்கும் டிசைன் போட்டுக் கொடுக்கிறவள். அம்மா படுக்கையில் விழுந்த பிறகு, பொழுது போகட்டும் என்று அந்த ஒரே படத்தை வைத்து ஓவியக்கலைச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். வேலைபார்த்த காலமெல்லாம் டெலிபோன் ஆபரேட்டராக அடுத்தவர் பேச்சை இணைத்துக்கொடுத்த அம்மாவுக்கு, தனக்கென்று புதுப் பேச்சு கிடைத்ததில் அவ்வளவு சந்தோஷம்.

முந்தின நாள்கூட, கஞ்சியை ஊட்டிக்கொண்டே அண்ணி கேட்டாள்.

"அத்தை, குவிமையம் எது?"

"பாலு."

"எப்படிச் சொல்றீங்க?"

"வெளிச்சம், அவ பார்வை, அந்தச் சாய்ஞ்ச பாத்திரம், எல்லாம் அங்கதானே போய் நிக்குது."

"மஞ்சள்?"

"வெப்ப நிறம். நீலம் குளிர். பக்கத்துல பக்கத்துல வச்சா ஒண்ணை ஒண்ணு தூக்கிக் கொடுக்கும். மாமியார் மருமக மாதிரி இல்ல."

இருவரும் சிரித்தார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு இருமலாக மாறியது. தெர்மாமீட்டரும் கையுமாக வாசலில் நின்ற மகளுக்கு வயிறு எரிந்தது. நர்சிங் படித்த காலத்தில், 'என்ன படிக்கிறே' என்று ஒரு வார்த்தை கேட்காத அம்மா இவள். "சிரிக்க வைக்காதீங்க அண்ணி, மூச்சு வாங்குது" என்றாள். சொன்னது உண்மைதான். சொன்ன குரல்தான் வேறு.

இன்று அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். அண்ணியும், "அச்சகத்துல நிறம் சரியா வந்திருக்கான்னு பாத்துட்டு ஓடி வந்துடறேன்மா" என்று கிளம்பிப் போனாள். அம்மா கண் அயர்ந்திருந்தாள். மகள் எழுந்து படத்தைக் கழற்றி, பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி சாத்தி வைத்தாள். பிறகு நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். இனி அம்மா கண் விழித்தால் பார்ப்பதற்கு அவள் மட்டும்தான்.

அம்மா விழித்தாள். பார்வை மகளின் தோளைத் தாண்டிப் போனது.

"படம்?"

"தூசியா இருந்துச்சும்மா. துடைக்க எடுத்தேன்."

அம்மா வெறும் சுவரையே பார்த்தாள். மூச்சு மாறியிருந்தது. அந்த மூச்சை வார்டில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அண்ணனுக்குப் போன் போட்டு வரச் சொன்னாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெற்றிடம்னா சும்மா காலி இல்ல பாப்பா."

"பேசாதேம்மா."

"படத்துல அவ பின்னாடி வெறும் சுவரு. அதுல ஒரு ஆணி அடிச்சிருக்கும். ரொம்ப நாளா என் கண்ணுல படவே இல்ல. உங்க அண்ணிதான் காட்டினா." நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினாள். "இப்ப நம்ம சுவத்துலயும் இருக்கு பாரு. நிழலு எவ்வளவு நீளமா விழுது. அவகிட்ட சொல்லு."

"அம்மா, என்னைப் பாரும்மா."

அம்மா கண்ணைத் திருப்பினாள். சுருக்கிப் பார்த்தாள்.

"ரொம்பக் கிட்ட இருக்கே பாப்பா. கலங்கலா தெரியறே."

மகள் எழுந்து நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தாள். உட்கார்ந்து நிமிர்ந்தபோது அம்மாவின் கண் திறந்தபடிதான் இருந்தது. ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தாள்.

நாடியைத் தொட்டுப் பார்த்தாள். இமைகளை மூடினாள். பிறகு யாரும் வருவதற்குள், பீரோவுக்குப் பின்னாலிருந்து படத்தை எடுத்து இருந்த இடத்திலேயே மாட்டினாள்.

அண்ணன் அழுதுகொண்டே வந்தான். அவன் பின்னாலேயே அச்சடித்த தாள்களோடு அண்ணி வந்தாள். அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தலை குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது அவள் பார்வை ஒருமுறை சுவருக்குப் போய்த் திரும்பியது.

"கடைசியா ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல அண்ணி. தூக்கத்துலயே போயிட்டாங்க."

அம்மா பேசிய கடைசிப் பேச்சு தனக்கு மட்டும் இருக்கட்டும் என்று தோன்றிவிட்டது. உறவுக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். "பெத்த பொண்ணு கையில உசிரு போச்சு, கொடுத்து வச்சவ" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அவள் தலையை ஆட்டினாள்.

எல்லாம் முடிந்த மறுநாள், அம்மாவுக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க வாடகைக்கு எடுத்திருந்த காற்று மெத்தையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு பெண்களும் அதைத் தரையில் போட்டு ஆளுக்கொரு பக்கம் மண்டியிட்டார்கள். அண்ணி மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று காற்று வெளியேறத் தொடங்கியது.

"அம்மா பேசினாங்க அண்ணி" என்றாள் அவள்.

"தெரியும். படம் கோணலா இருந்துச்சு. அதைக் கழட்டினா அத்தை கேட்காம இருந்திருக்க மாட்டாங்க."

 மெத்தையை அழுத்தியபடியே, படத்தைக் கழற்றியதிலிருந்து ஒன்று விடாமல் மகள் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணியின் கைகள் நின்றுபோயின. புடவைத் தலைப்பை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

அண்ணி கையெடுத்த பக்கம் மெத்தை மெல்ல உப்பத் தொடங்கியது. மகள் முழங்காலாலேயே சுற்றி வந்து, அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இடத்தில் தன் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தினாள்.