நடுத்துண்டு இல்லாத செய்தி

ப்ளோவ்டிவ் நகரில் என் ஆய்வகத்தில்தான் ராலிட்சா முனைவர் பட்டத்துக்கு வேலை செய்தாள். ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரிப்போம். கிருமியின் மேலுறைப் பொடியைப் போட்டு அழற்சியைக் கிளப்புவோம். ஆறு மணி நேரம் கழித்து எந்த மரபணு வேலை செய்கிறது, எது அணைந்துவிட்டது என்று பார்ப்போம். வேலை செய்யும் மரபணு தன் செய்தியை ஓர் இழையாகப் படியெடுத்து அனுப்பும்; அந்த இழை இல்லையென்றால் மரபணு அணைந்துவிட்டது என்று கணக்கு. ஒரு மரபணு அழற்சியில் அணைந்துவிடுகிறது என்று நான் ஏற்கெனவே கட்டுரை எழுதியிருந்தேன்.

ஒரு நாள் அவள், அந்த இழைகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் படத்தோடு வந்தாள்.

“ருமி அக்கா, உங்க கட்டுரைல வர்ற மரபணு அணையவே இல்ல. செய்தியோட நடுத்துண்ட வெட்டிட்டு ரெண்டு பக்கத்தையும் ஒட்டிக்குது. குட்டையா வருது பாருங்க. செய்தியத் தேடிப் பிடிக்க நீங்க போட்ட பிரைமர் துணுக்கு அந்த நடுத்துண்டு மேலதான் உக்காருது. துண்டே இல்லன்னா அது எதைப் பிடிக்கும்?”

“அழுக்குடி இது. காபி குடிச்ச கையோட ஜெல் ஊத்தினியா?”

“நாலு தடவை ஓட்டிட்டேன்க்கா. நாலு தடவையும் அழுக்கு ஒரே எடத்துலயா வந்து நிக்கும்?”

“வாய் மட்டும் நல்லா இருக்கு. போய் வேலையப் பாரு.”

அவள் ஒப்பந்தம் ஜூனில் முடிய இருந்தது. புதிதாக ஏதாவது இருந்தால்தான் நீட்டிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் சொல்வது சரியென்றால் என் கட்டுரை தப்பு என்பதும் தெரியும். அவள் நீட்டிப்புப் படிவத்தில் ‘புதிய முடிவுகள் ஏதுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜூலையில் அவள் மேசை காலி.

மூன்று வருடம் கழித்து, செய்தியை முழு நீளத்துக்கும் வாசிக்கும் இயந்திரம் வந்தது. பதினோரு பேர் ரத்தத்திலும் அதே குட்டை வடிவம். அது உருவாகாமல் தடுத்துப் பார்த்தோம். அழற்சி அடங்கவே இல்லை; அதை அடக்குவதே அந்தக் குட்டை வடிவம்தான்.

ராலிட்சா இப்போது பர்காஸில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறாள். போன் செய்தேன்.

“நீ சொன்னது சரி, ராலி.”

“எனக்கு அப்பவே தெரியும்க்கா.”

“திரும்ப வந்துடேன். இடம் வாங்கித் தரேன்.”

“எதுக்கு? மறுபடியும் காபி வாசம் வருதான்னு என் கைய முகர்ந்து பாக்கவா?” சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. “வேணாம்க்கா. நான் இப்ப ஊசி குத்துற ஆளு. காலைல ஏழு மணிக்கே வரிசை நிக்குது. முதல்ல உங்க பழைய கட்டுரையத் திருத்துங்க.”

“புதுசுல உன் பேருதான் முதல்ல.”

“போடுங்க. அது என்னோடதுதானே.”

அன்றைக்கே திருத்தம் கேட்டு இதழுக்கு எழுதினேன். புதிய கட்டுரையை அனுப்பும்போது முதல் ஆசிரியர் இந்த வேலையைச் செய்த ஆய்வகம் எது என்று படிவம் கேட்டது. எங்கள் ஆய்வகத்தின் பெயரை அடித்தேன். அவளை அங்கே இருக்கவிடாதவள் நான்தானே என்று அழித்தேன். காலியாக விட்டால் படிவம் நகரவில்லை. மறுபடி அதையே அடித்தேன்.