வேர்த்த சுவர்

“அக்கா, கையை எடு! பாட்டிலைக் கீழே வை!”

தம்பி கத்திய கத்தலில், ஸ்டூல் மேல் நின்றிருந்தவள் தடுமாறினாள். மூடி திறந்த பிளீச் பாட்டில் சுவரை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது. அவன் ஒரே தாவலில் வந்து பிடுங்கிக்கொண்டான்.

“இப்பதானே சுவர் பூரா வினிகரைத் தேய்ச்சே? அது மேலயே இதையும் ஊத்தினா விஷப்புகை கிளம்பும். பூசணம் சாகுதோ இல்லையோ, நீ போய்ச் சேர்ந்துடுவே.”

“போனா போறேன். மத்தியானத்துக்குள்ள இந்தக் கறுப்பு போகணும்.”

“நீ போயிட்டா வர்ற பொண்ணுக்கு யாரு கதவு திறக்கிறது? இறங்கு முதல்ல.”

இறங்கினாள். மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு, சுவரை ஒரு முறை எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மிளகைத் தூளாக்கி ஊதிவிட்டதுபோல மூலையெல்லாம் கறுப்புப் புள்ளிகள். பீரோ நிற்கும் பக்கத்தில் புள்ளிகள் ஒன்றோடொன்று கைகோத்துப் படையாகவே திரண்டிருந்தன.

மகள் போனில் தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். “அம்மா, பாப்பாவுக்கு நெஞ்சுல இழுப்பு. பூசணம் பிடிச்ச ரூம்ல ஒரு ராத்திரிகூடப் படுக்க வைக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ரூம் சரியா இருந்தா தங்கறேன். இல்லேன்னா உன் முகத்தைப் பார்த்துட்டு சாயங்காலமே கிளம்பிடுவேன்.”

முகத்தைப் பார்த்துவிட்டுப் போவதற்கா இத்தனை நாள் காத்திருந்தாள்? பேத்தி பிறந்து தலை நின்றதும் குப்புற விழுந்ததும் அவளுக்குப் போன் வழியாகத்தான் தெரியும். கணவருக்குத் தெரியாமல் பேச வேண்டிய அந்தப் போனும் பகலில்தான் வரும். வேலை பார்க்கும் நர்சரியில், பச்சை வலைக் கூரைக்கு அடியில், ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே குனிந்துகொண்டு “என் தங்கம், என் செல்லம்” என்று கொஞ்சுவாள். “செடிகிட்டப் பேசினா நல்லா வளருமாமே?” என்று ஒரு வாடிக்கையாளர் மரியாதையோடு கேட்டே விட்டார். “வளருதுங்க. ஆனா தூக்க முடியலை” என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனாள்.

கதை இவ்வளவுதான். கணவர் பஸ் டிரைவர். அவருடைய பஸ்ஸிலேயே வேலை பார்த்த கண்டக்டரை மகள் கட்டிக்கொண்டு போய்விட்டாள். “என் பஸ்ல டிக்கெட் கிழிச்சவன் என் குடும்பத்தையே கிழிச்சுட்டான்” என்று டிரைவர் குதித்தார். மகளின் அறையைப் பூட்டினார். எல்லோரும் பார்க்கச் சாவியைச் சாக்கடையில் எறிந்தார். “அவன் ஊர்ப் பக்கம் இனி தலைவெச்சுப் படுக்கமாட்டேன்!”

அப்புறம் அவராகவே கேட்டு நெடுந்தூர ரூட்டுக்கு மாறிக்கொண்டார். சாயங்காலம் வண்டியை எடுத்தால் மறுநாள் மத்தியானம்தான் திரும்புவார். மகள் இருக்கும் ஊர் வழியில்தான் வரும். “ஊருக்குள்ள யார் போறா? பைபாஸ்ல ஏறினா ஒரே அழுத்து” என்று அவள் கேட்காமலேயே சொன்னார். இருந்தும் அந்த பஸ் ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. டெப்போவில் அவருக்கு ‘லேட்டு’ என்றே பட்டப்பெயர். கேட்டால், “இன்ஜின் கிழடு. நானும் கிழடு” என்பார்.

சாக்கடைக்குப் போன சாவிக்கு ஒரு ஜோடி உண்டு என்பது அவருக்குத் தெரியாது. அது அவளுடைய தையல் டப்பாவில் ஊசிகளுக்கு நடுவே உறங்கியது. மகள் வருகிறேன் என்றதும், அவர் வந்து குதித்தால் குதிக்கட்டும் என்று, போன வாரம் அவர் டியூட்டிக்குப் போன பிறகு கதவைத் திறந்தாள். குப்பென்று ஓர் ஈர வாடை. சுவரெல்லாம் கறுப்பு.

செடிக்காரிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பூசணி இலையில் மாவு தூவியதுபோலச் சாம்பல் நோய் வந்தால், பாலில் நிறையத் தண்ணீர் கலந்து வெயில் நேரத்தில் அடிப்பாள். அதையேதான் சுவருக்கும் அடித்தாள்.

“என்னது, பாலா?” தம்பிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குழாய் வேலை பார்க்கிறவன். ஈரச் சுவர்களோடு தினமும் குடித்தனம் நடத்துகிறவன். “இலையில இருக்கிறது வேற ஜாதி, அக்கா. அது உயிருள்ள இலையை உறிஞ்சித்தான் பிழைக்கும். சுவத்துல இருக்கிறது தூசி, பசை, அழுக்குன்னு எது கிடைச்சாலும் தின்னும். அதுக்குப் போய் வேளாவேளைக்குப் பால் வார்த்திருக்கியே, புள்ள மாதிரி!”

“நக்கல் பண்ணாதே. எங்கேயோ குழாய் ஒழுகுது. அதைக் கண்டுபிடி.”

தம்பி சுவரைத் தட்டினான். தரையோரம் விரலால் தடவினான். மறுபக்கம் போய்க் குளியலறைக் குழாயை அடைத்துத் திறந்து பார்த்தான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

“அக்கா, ஒழுகல் கிடையாது. தரையிலிருந்து ஏறுற ஈரம்னா கீழே உப்புப் பூத்திருக்கும். கீழே காஞ்சு கிடக்கு, மேல் மூலையிலயும் பீரோ பக்கமும்தான் கறுப்பு. தண்ணி சுவத்துக்குள்ள இல்லை, காத்துல இருக்கு. குளிர்ந்த சுவத்துல அது வேர்வையாப் படியுது.”

“பூட்டின ரூம்ல காத்துக்கு ஏதுடா தண்ணி?”

“அதைத்தான் நானும் கேட்கிறேன். ஜன்னலை இறுக்கிச் சாத்திட்டு, உள்ளே யாரோ ஈரத்தைக் கொண்டுவந்து வைக்கிறாங்க. இன்னிக்கு நேத்து இல்லை. ரொம்ப நாளா.”

பகலெல்லாம் அவள் நர்சரியில். வீட்டில் யார்?

“பீரோவைப் பிடி” என்றாள்.

மூலைக்குக் குறுக்கே நின்ற இரும்பு பீரோ கிறீச்சிட்டு நகர்ந்தது. பின்னால், ஆணிக்கு ஆணி இழுத்துக் கட்டிய ஒரு கயிறு.

கயிற்றில் வரிசையாகக் குட்டிச் சட்டைகள்.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைச் சட்டை. வாத்துப் பொம்மை போட்ட கவுன். ஒற்றைக் காலுறை. எல்லாம் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது போட்டவை. பரணில் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தவை. அவள் கவுனைத் தொட்டாள். ஈரம். சோப்பு வாசனை. கழுத்தோரம் மங்கிப்போன சில புள்ளிகள்.

பெட்டியில் கிடந்த துணியிலும் பூசணம் இருந்திருக்கிறது. யாரோ அதைப் போக்கியே தீருவதென்று திரும்பத் திரும்பத் துவைத்திருக்கிறார்கள். கொடியில் போட்டால் ஊர் பார்க்கும், பெண்டாட்டி பார்ப்பாள் என்று சாத்திய அறைக்குள் உலர்த்தியிருக்கிறார்கள். துணியை விட்டுப் போன ஈரமெல்லாம் சுவரில் ஏறியிருக்கிறது.

“மாமாவா?” தம்பி கிசுகிசுத்தான். “சாவியைத்தான் எறிஞ்சுட்டாரே!”

“எதை எறிஞ்சாரோ” என்றாள். காணாமல்போன சைக்கிள் பூட்டுச் சாவி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “அது சரி, பாப்பா பிறந்தது இவருக்கு எப்படிடா தெரியும்? நான் மூச்சு விடலையே.”

வாசலில் செருப்புச் சத்தம். காக்கிச் சட்டையின் ஒரு தோளில் பை, மறு தோளில் பேத்தி. பின்னால் மகள்.

அவள் கையில் ஈரத்துணியோடு அப்படியே நின்றாள். எத்தனையோ இரவுகள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. “மெலிஞ்சு போயிட்டே” என்று மட்டும் வந்தது. மகள் ஓடிவந்து, வினிகர் நாற்றத்தையும் பொருட்படுத்தாமல் அவளைக் கட்டிக்கொண்டாள்.

டிரைவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். நகர்ந்த பீரோ. கயிறு. மச்சினன் முகம். தொண்டையைச் செருமினார்.

“சுவத்துல பாலை அடிச்சது யாரு? ரூமெல்லாம் தயிர் நாத்தம். பூனைதான் வந்து போகுதுன்னு நினைச்சேன்.”

“பூனையை விடுங்க. துணி துவைக்கிற எலி எப்ப வந்துச்சு?”

அவர் பேத்தியின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

மகள் அந்த அறையின் வாசல்படியிலேயே நின்று மூக்கைச் சுளித்தாள். குரல் இறங்கியது. “அம்மா, இந்த ரூம்ல பாப்பாவைப் படுக்க வைக்க முடியாதும்மா. இழுப்பு வந்துடும்.”

அவ்வளவுதானா? சாயங்காலம் வரைதானா?

டிரைவர் பையைக் கீழே வைக்கவில்லை. நேரே ஹாலுக்குக் கொண்டுபோய், தன் கட்டில் மேல் வைத்தார். ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்தார். “இங்கே நல்லாக் காத்து வரும். நான் தரையில படுத்துக்குவேன். அந்த ரூம் காயட்டும், தேய்ச்சு வெள்ளையடிக்கலாம். அது காயற வரைக்கும் யாரும் எங்கேயும் கிளம்ப வேண்டாம்.”

சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் பேத்தியைப் பாட்டி கையில் கொடுத்தார். கயிற்றிலிருந்த குட்டிச் சட்டைகளை உருவி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். தெருவே பார்க்கும் கொடியில், வெயிலில், ஒவ்வொன்றாக உதறிப் போட ஆரம்பித்தார்.

பேத்தியின் தலை அவள் கழுத்தடியில் வந்து பொருந்தியது. இவ்வளவு நாள் அந்த இடம் வெறுமையாக இருந்தது இப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. குழந்தை மகளின் கழுத்தில் தொங்கிய கண்டக்டர் விசிலை எட்டிப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

“இதை எதுக்குடி மாட்டிக்கிட்டிருக்கே?”

மகள் வாசலைப் பார்த்தாள். கொடியில் வாத்துக் கவுன் ஆடிக்கொண்டிருந்தது.

“உன்கிட்டச் சொன்னா நீ அப்பாகிட்டக் கேட்பே. கேட்டா ரோஷப்பட்டு நிறுத்திடுவார்னு பயந்தேன்மா. அவர் வண்டி எங்க மாடி ஜன்னலுக்குக் கீழே வந்து ரெண்டு ஹாரன் அடிக்கும். நான் பதிலுக்கு ரெண்டு விசில் கொடுப்பேன். என் வயித்தைப் பார்த்ததும் அங்கிருந்துதான், பாப்பாவைப் பார்த்ததும் அங்கிருந்துதான். ஒரு வார்த்தை பேசினது கிடையாது. இன்னிக்குத்தான் நான் பையோட கீழே நின்னேன். அவரே இறங்கி வந்து வாங்கினார்.”

“அந்த வண்டி ஊருக்குள்ளயே வராதேடி. பைபாஸ்லதானே...”

“பைபாஸ்லயா?” மகள் சிரித்தாள், கண் நிறைந்திருந்தது. “அப்பா ஒரு நாள்கூட பைபாஸ்ல போனதில்லைம்மா.”