கிரேன் வரும்வரை நரி வரக்கூடாது

எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் ஓட்டுகிறவனுக்கு ஓட்டுவதைவிடக் காத்திருப்பதுதான் பெரிய வேலை. துறைமுகத்து கேட் திறக்கும்வரை சாலைதான் வீடு. அந்த வீட்டில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன், அடுத்த டிரெய்லரை ஓட்டும் ஜோ. ராயபுரத்துக்காரன், தங்கமானவன், ரசனை மட்டும் மருந்துக்கும் கிடையாது.

அவன் மகள் சாண்ட்ரா பள்ளி விட்டதும் போன் செய்வாள். கதை நான்தான் சொல்ல வேண்டும். டிரைவர் சங்கக் கூட்டங்களில் மைக் பிடித்துப் பழகிய வாய் என்னுடையது. காக்கா வடை திருடிய கதையைக்கூட மாலை போட்டு, பொன்னாடை போர்த்தித்தான் மேடையேற்றுவேன். ‘புரட்சி வடை’ என்று நான் சொன்னதும் ஜோ குறுக்கே புகுந்து, "வடையில இன்னாடா புரட்சி கீது?" என்பான். சாண்ட்ரா விழுந்து விழுந்து சிரிப்பாள். தினமும் அதே கதை, அதே கேள்வி, அதே சிரிப்பு.

அன்றைக்குப் பக்கத்து வரிசையில் வந்த டிரெய்லர் ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறியது. கன்டெய்னரை வண்டியோடு பூட்டாமல் எவனோ ஓட்டி வந்திருக்கிறான், பாவி. பெட்டி அப்படியே சரிந்து ஜோவின் கேபின்மேல் சாய்ந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். உயிர் இருந்தது. கூரை அவன் தலைக்கு மேல் ஒரு சாண் விட்டு நசுங்கி நின்றது. ஸ்டியரிங்குக்குக் கீழே இரண்டு கால்களும் மாட்டியிருந்தன. பேன்ட் நனைந்திருந்தது. அது ரத்தம் என்று புரிந்ததும் தீயணைப்புக்குப் போன் போட்டேன்.

வண்டியைத் தூரத்திலேயே விட்டு ஓடிவந்த தீயணைப்பு வீரர் ஒருவர் ஜன்னல் வழியாகக் கையை நுழைத்து அவன் தொடையை இறுக்கிக் கட்டினார். "பெட்டிய தூக்காம கதவ வெட்ட முடியாதுப்பா. கிரேன் வந்துகினுகீது. அதுவரைக்கும் தூங்க வுடாத, பேச்சு குடுத்துகினே இரு" என்றார். கிரேன் எந்த வழியில் வரும்? எங்கள் வரிசைதானே சாலையை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

அப்போது அவன் சட்டைப் பையில் இருந்த போன் அடித்தது. மூடிக்கொண்டிருந்த ஜோவின் கண்கள் திறந்தன.

"எட்றா மாமு. ஒண்ணும் சொல்லாத. கொயந்த பயந்துடும்."

ஸ்பீக்கரில் போட்டேன். "மாமா, கதை" என்றாள் சாண்ட்ரா. மேலே பெட்டி கிறீச்சென்று முனகியது.

"வங்கக் கடலின் அலைக்கரங்கள் வாழ்த்துப்பா இசைக்கும் திருவொற்றியூர்த் திருநகரிலே," என்று ஆரம்பித்தேன், "வாணலி கண்ட வீராங்கனை, வடைத் தொழிலின் தனிப்பெரும் தலைவி, மூதாட்டியார் ஒருவர் வீற்றிருந்தார்."

அவள் சிரித்தாள். அந்தச் சத்தத்துக்கு ஜோ கண்ணைத் திறந்து பார்த்தான். அவன் கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது.

கதை கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நரி வந்தால் கதை முடிந்துவிடும். முடிந்தால் அவள் போனை வைத்துவிடுவாள். வைத்துவிட்டால் இவன் கண்ணை மூடிவிடுவான். கிரேன் வரும்வரை நரி வரக்கூடாது.

ஆகவே இழுத்தேன். மரத்துக்கு வரவேற்புரை, கிளைக்கு வாழ்த்துரை, அடுத்த கிளைக்கு நன்றியுரை. "கருமையின் காவலர், கூரைகளின் கோமான், எச்சில் இலைகளின் எழுச்சி நாயகர், மாண்புமிகு காக்கையார் அவர்கள்" என்று பட்டத்துக்கு மேல் பட்டமாக அடுக்கினேன். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. இவ்வளவு பயத்தோடு நான் எந்த மேடையிலும் பேசியதில்லை.

"உளுந்தின் வயிற்றில் உதித்து, கொதிக்கும் எண்ணெயில் எதிர்நீச்சல் போட்டு, பொன்மேனியோடு கரையேறிய புரட்சி வடையை..."

நிறுத்தினேன். ஜோவின் தலை தோளில் சாய்ந்திருந்தது.

"நைனா, உன் டயலாக்கு" என்றாள் சாண்ட்ரா.

கன்னத்தில் தட்டினேன். அசைவில்லை.

"மாமா, நைனா இன்னா பண்ணுது?"

"புரட்சி வடையை" என்றேன் மறுபடி. "ஜோ, புரட்சி வடைடா." மூன்றாம் தடவை கத்தியே விட்டேன். அவன் உதடு லேசாகப் பிரிந்தது.

"வடையில... இன்னாடா..."

மீதி வரவில்லை. அதுவே போதும் என்று அவள் சிரித்தாள். நான் அழுதுகொண்டே காக்கையாரின் பாட்டனாரைப் பற்றிப் பேசத் தொடங்கினேன்.

காக்கையாரின் ஏழு தலைமுறையும் தீர்ந்துபோன நேரத்தில் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. வரிசையில் நின்ற டிரெய்லர்கள் ஒவ்வொன்றாக ஓரங்கட்டின. மஞ்சள் கிரேன் ஒன்று இடித்துவிடாமல் நகர்ந்து வந்தது. சங்கிலி போட்டுப் பெட்டியைத் தூக்கினார்கள், கதவை வெட்டினார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது ஜோ என்னைப் பார்த்தான். ஆம்புலன்ஸ் கதவு மூடும்வரை அந்தக் கண் மூடவில்லை.

போன் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"ஒரே சத்தமா கீது மாமா. நரி வந்துச்சா?"

"வந்துடுச்சிம்மா."

"எப்படி வந்துச்சி?"

அவள் பட்டங்களுக்காகக் காத்திருந்தாள். சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"மஞ்சளா, பெருசா, மெதுவா வந்துச்சிம்மா" என்றேன்.